இந்த வீட்டில் குடியிருப்பவருக்கு

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. கதை என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே மூடுபனி வழியை மறைத்துவிட, ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பீடி பற்ற வைத்துக்கொண்டார். பனி விலகும்வரை சும்மா இருக்க நம் ஜனங்களால் முடியுமா? பேச ஆரம்பித்தார்கள். எனக்கு முன் இருக்கையில் தலையோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“எங்க வீட்டுல ஆத்தா வந்திருக்கையில, சர்க்காருல இருந்து ஆத்தா பேருக்கே நோட்டீஸ் குடுத்தாங்க, தெரியுமா?”

“அப்பறம்?” என்றாள் பக்கத்தில் இருந்தவள். நானும் மனதுக்குள் அதையே கேட்டேன். அதற்குள் பனி விலகியது, வண்டி நகர்ந்தது. வில்பட்டிப் பக்கம் போகிறவர்கள் இறங்கும் இடத்தில் அவள் தன் பூண்டு மூட்டையோடு இறங்கிப் போய்விட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டியே இருந்திருக்காது. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

* ஆத்தா என்றால் இங்கே பெரியம்மை. மலை ஊர்களில் அதை நோய் என்று யாரும் சொல்வதில்லை. மாரியம்மன் அந்த வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியாள் உள்ளே போகக்கூடாது, உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது, அடுப்பில் எதையும் தாளிக்கக்கூடாது. மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்பும்வரை வீடு அவளுடையது. (இந்தக் கடைசி வரியை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.)

2

‘வெள்ளனே எழுந்த சண்முகசுந்தரி கம்பளியை மடித்து வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். ஏரியைக் காணோம். எங்கு பார்த்தாலும்’

இல்லை, வேண்டாம். கொடைக்கானலில் நடக்கும் எல்லாக் கதைகளிலும் யாராவது ஒருவர் ஜன்னலைத் திறந்து ஏரியைக் காணாமல் நிற்கிறார்கள். அடித்துவிட்டேன்.

‘பொதுச் சுகாதாரச் சட்டமும் நெறியும் என்ற பாடம், பணியில் இருப்பவர்களுக்காகச் சனிக்கிழமை தோறும்’

இதைப் படித்தால் அரசாணை படிப்பதுபோல இருக்கிறது.

‘ஆய்வாளர் சண்முகசுந்தரம் மிதிவண்டியை வேலியில் சாய்த்துவிட்டு’

ஆமாம், முதல் வரைவில் அவள் ஆண்தான். காக்கிச் சட்டை, மீசை எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். வேப்பிலை செருகிய வாசல்வரை ஒழுங்காக வந்தான். வந்தவன் கூடவே ஒரு போலீஸ்காரரையும் கூட்டி வந்துவிட்டான். நான் அழைக்கவே இல்லை. போலீஸ்காரர் வந்த பிறகு கதையில் யாரும் எதையும் யோசிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அதனால் சுந்தரத்தைச் சுந்தரியாக்கினேன். மிதிவண்டி போய்க் குடை வந்தது.

ஐம்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்முகசுந்தரி ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் சுகாதாரப் பணியாளர். முப்பத்தைந்தைத் தாண்டியவள். கொடைக்கானலில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மலைக்காரர்கள் அவளை நர்சம்மா என்றார்கள். சொந்த ஊர் பழனி. அடிவாரத்தில் அவள் அண்ணன் விபூதி, பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தான். காவடி எடுத்து வருகிறவர்களின் கால் தூசியில் பிழைத்த குடும்பம் அது. ‘பழனிக்கு வராதீர்கள்’ என்று அந்த வீட்டில் யாரும், யாரிடமும், விளையாட்டுக்குக்கூடச் சொன்னதில்லை.

3

வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னறையில் நடந்தது. அம்மை குத்துகிறவர்கள், துப்புரவு ஆய்வாளர்கள், மருத்துவச்சிகள் எல்லாரும் வாரம் முழுக்க மலை ஏறி இறங்கிவிட்டுச் சனிக்கிழமை மாலை வந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். தேர்வில் தேறினால் பதவி உயர்வு. பாடம் எடுத்தவர் குழந்தைவேல், சென்னையில் சட்டம் படித்துவிட்டுச் சுகாதாரத் துறைக்கு வந்தவர். சுந்தரியைவிட வயதில் இளையவர்.

(குழந்தைவேலை எனக்கே முழுசாக நம்ப முடியவில்லை. இவ்வளவு நியாயமான வாத்தியார் ஒருவரை நான் எங்கும் பார்த்ததில்லை. சட்டத்தைச் சொல்ல ஒரு வாய் வேண்டுமே என்று உண்டாக்கினேன். ஆளாகத் தெரிவதற்கு ஒரு குறை கொடுத்திருக்கிறேன்: குளிர் தாங்க மாட்டார். மேசைக்கு அடியில் காலோடு காலை உரசிக்கொண்டேதான் பாடம் நடத்துவார்.)

முதல் ஒரு மணி நேரம் சட்டம். அடுத்த ஒரு மணி நேரம் நெறி. நெறியின் முறை வருவதற்குள் பனி ஜன்னல் வழியாக அறைக்குள் வந்துவிடும். முன் பெஞ்சில் இருப்பவர்களின் முதுகே மங்கிவிடும். பாதிப் பேர் தூங்கிப்போவார்கள். சுந்தரிக்கு அந்த இரண்டாவது மணிதான் பிடித்திருந்தது. முகம் தெரியாமல் கேள்வி மட்டும் வரும்.

“பல பேரைக் காப்பாத்தணும்னு ஒருத்தரைக் கட்டிப்போடலாமா? போடலாம்னா, அவர்கிட்ட என்ன சொல்லிட்டுக் கட்டணும்?”

தைலமர வாசம் வரும். எங்கோ தேவாலய மணி அடிக்கும். கேள்வி பனியோடு சேர்ந்து அறையைவிட்டுப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சட்ட மணியில் ஒரு நாள் ‘ஆக்குபையர்’ என்ற சொல் வந்தது. தொற்று நோய் வந்த வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்கும்போது அந்த ஆள் பெயருக்குத்தான் கொடுக்க வேண்டும். அதற்குத் தமிழில் என்ன என்று மருத்துவச்சி ஒருத்தி கேட்டாள்.

“குடியிருப்பவர்னு வச்சுக்கலாம். வீட்டுக்குச் சொந்தக்காரர் வேற ஊர்ல இருக்கலாம், அவருக்குக் குடுத்துப் பிரயோஜனம் இல்லை. அந்த நேரத்துல அந்த வீடு யார் கைவசம் இருக்கோ, யார் சொன்னா அந்த வீட்டுல நடக்குமோ, அவங்கதான் குடியிருப்பவர்.”

சுந்தரி அதை அப்படியே மனப்பாடம் செய்தாள். படிப்பில் அவள் கெட்டிக்காரி இல்லை. அர்த்தம் புரியாததை மனப்பாடம் செய்துவிடுவாள், புரிந்ததை மறந்துவிடுவாள்.

4

தை பிறந்து, பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. வில்பட்டியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள், ஒரு மாட்டுக்கொட்டகையில் பூண்டுக் கொத்துகள் தொங்குவதைக் கண்டு நின்றாள். மலைப்பூண்டை அடுப்புக்கு மேலே பரணில், புகை படுகிற இடத்தில்தான் கட்டுவார்கள். வருஷச் சம்பாத்தியத்தை மாட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றால், அந்த வாசம் ஆகாத யாரோ வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள். திரும்பி வாசலைப் பார்த்தாள். வேப்பிலை.

“அங்கனயே நில்லுங்க நர்சம்மா. உள்ள வரப்படாது,” என்று உள்ளிருந்து வீரம்மாளின் குரல் வந்தது. “ஆத்தா வந்திருக்கா.”

“யாருக்குக்கா?”

“வடிவுக்கு.”

வடிவு வீரம்மாளுக்கு ஒரே மகள். அம்மை குத்துகிறவர்கள் ஊருக்கு வந்தபோதெல்லாம் பூண்டுக்காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்ட கழுதை. சிரித்துக்கொண்டே ஒளிவாள், சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். சுந்தரி ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்தாள். வேப்பிலைப் படுக்கையில் வடிவு கண்ணை மூடிக் கிடந்தாள். முகம் முழுக்க முத்து. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கொல்லையில் அவள் தகப்பன் திருமலைச்சாமி மாலை போட்டுக்கொண்டு, காவடிக்கு மயில்பீலி கட்டிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு வெள்ளனே கெளம்புறேன் நர்சம்மா. வேண்டுதலுக்குப் போறதுக்கு ஆத்தா கோவிக்க மாட்டா. நடந்தே பழனிக்குப் போயி, முருகன்கிட்ட பிள்ளையக் கேட்டு வாங்கிட்டு வெரசா வந்துருவேன்.”

பூசத்துக்கு நடந்து வருகிறவர்கள் வழிநெடுக மண்டபங்களில் தோளோடு தோள் ஒட்டிப் படுப்பார்கள். ஒருவர் குடித்த செம்பில் அடுத்தவர் குடிப்பார். சுந்தரி அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். இந்த மனுஷர் உடம்பில் ஆத்தா ஏற்கெனவே ஏறியிருந்தாலும் இருக்கலாம், தெரியாது. இவர் அந்த மண்டபத்தில் ஓர் இரவு படுத்தால் எத்தனை வீட்டு வாசலில் வேப்பிலை ஏறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த வீடுகளில் ஒன்று அண்ணன் வீடாக இருக்கலாம்.

சட்டம் அவளுக்கு வழி வைத்திருந்தது. நோயாளிக்கு முறையான தங்குமிடம் இல்லை என்று எழுதினால் போதும். டோலி வரும், வடிவைத் தூக்கிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே இருக்கும் தகரக் கொட்டகையில் போட்டுவிடலாம். அந்தக் கொட்டகைக்குள் பனி தாராளமாகப் போய் வரும். போன மனிதர்கள்தான் வருவது குறைவு. தகப்பனைத் தடுக்கப் போலீஸ்காரர். (பார்த்தீர்களா, மறுபடி வரப் பார்க்கிறார்.)

“அண்ணே, நீங்க போகப்படாது,” என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“யாரு சொல்றா?”

“சட்டம் சொல்லுதுண்ணே. வீட்டுல குடியிருக்கறவங்களுக்கு நோட்டீஸ் எழுதிக் குடுக்கணும். அதுக்குக் கட்டுப்படணும்.”

“குடியிருக்கறவங்கன்னா?”

மனப்பாடம் கைகொடுத்தது. “சொந்தக்காரங்கன்னு இல்ல. இப்ப இந்த வீடு யாரு கைவசம் இருக்கோ, யாரு சொன்னா நடக்குமோ, அவங்க.”

திருமலைச்சாமி மயில்பீலியைக் கீழே வைத்தார். உள்ளே வீரம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு.

“அப்ப என் பேருக்கு எதுக்கு எழுதுறீக? இந்த வீடு இப்ப என் கைவசமா கெடக்கு? ஒரு வரமொளகா தாளிக்க முடியுதா எங்களால? அவ பேருக்கு எழுதுங்க. அவ போன்னா போறேன். இருன்னா இருக்கேன்.”

5

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். எனக்குத் தெரிந்தவரையில் அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. வாத்தியார் சொன்ன இலக்கணத்தில் அம்மன் அச்சாகப் பொருந்துகிறாள். ஆனால் சுந்தரிக்கு அது புரிந்ததா? சட்டம் புரிந்து எழுதினாளா, இல்லை, அந்த மனுஷரை நிறுத்த ஒரு கயிறு கிடைத்ததே என்று எழுதினாளா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் பையிலிருந்து நோட்டீஸ் தாளை எடுக்கும் விதம் ஒன்றுபோலவேதான் இருக்கிறது.

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரில் தாளை வைத்து எழுதினாள். பெயர்: மாரியம்மன். ஊர்: வில்பட்டி. தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

“அதுக்கு ஒரு கோடு போடுங்க,” என்றாள் வீரம்மாள் ஜன்னலிலிருந்து.

எழுதி முடித்து உரக்கப் படித்தாள். “இந்த வீட்டில் குடியிருப்பவரான மாரியம்மனுக்கு அறிவிப்பது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை இவ்வீட்டார் எவரும் வெளியே போகக்கூடாது. வெளியார் எவரும் உள்ளே வரக்கூடாது.” நோட்டீஸை இவ்வளவு நிறுத்தி நிறுத்தி அவள் அதுவரை படித்ததில்லை.

வீரம்மாள் கையை நீட்டி வாங்கினாள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், ஆத்தாவுக்காக, மஞ்சளைத் தொட்டு அப்பினாள். வேப்பிலைக்குப் பக்கத்தில் வாசல் நிலையில் ஒட்டினாள். திருமலைச்சாமி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. பிறகு காவடியைத் தூக்கிக் கூரைமேல் வைத்தார்.

“கட்டுப்படுறேன். ஆனா ஒண்ணு நர்சம்மா. பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா முருகன் என்னயக் கேப்பான், ஏன்டா வரலேன்னு. நான் உங்களக் கேப்பேன்.”

சுந்தரி டோலிக்குச் சொல்லவில்லை. இதைவிடக் கண்டிப்பான தனி வார்டு ஏது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அக்கம்பக்கத்தாருக்கு அம்மை குத்த ஆள் அனுப்ப ஏற்பாடு செய்தாள். வழியெல்லாம் பனி. தன் காலடிச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு காலடிச் சத்தம் வருவதுபோல இருந்தது, கொலுசோடு. திரும்பிப் பார்க்கவில்லை.

* கொலுசை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். பனியில் நடந்தவர்களுக்கு இது புதிதல்ல.

6

அந்தச் சனிக்கிழமை, வேலையில் சந்தித்த சங்கடம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் குழந்தைவேல். சுந்தரி எழுந்து சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். வகுப்பு சிரித்தது, வாத்தியாரும் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார்.

“சிஸ்டர், சாமி பேருக்குக் குடுத்த நோட்டீஸ் செல்லாது.”

“தெரியும் சார். ஆனா அவரு நின்னுட்டாரு.”

“செல்லாத நோட்டீஸ்னு அவருக்குச் சொன்னீங்களா?”

அவள் உட்கார்ந்துவிட்டாள். மணி மாறியது. பனி உள்ளே வந்தது. நெறி தொடங்கியது.

“அவர் நம்பிக்கையை எடுத்து அவரையே கட்டினீங்களா? இல்ல, அவர் வீட்டுச் சட்டத்தை நீங்க ஏத்துக்கிட்டீங்களா? ரெண்டும் ஒண்ணு இல்ல சிஸ்டர்.”

“எனக்குத் தெரியலீங்க சார். பொண்ணு பொழைச்சா ரெண்டாவது. பொழைக்கலேன்னா மொதலாவது.”

“பின்னால நடக்கறதைப் பார்த்துட்டு முன்னால செஞ்சதுக்குப் பேர் வைக்க முடியாதுங்களே.”

“வைக்காம எப்படி சார் தூங்கறது?”

மேசைக்கு அடியில் கால் உரசும் சத்தம் நின்றது. குழந்தைவேலிடம் பதில் இல்லை. (என்னிடம் இருந்தால்தானே அவரிடம் இருக்கும்.) பேச்சை மாற்ற வருகைப் பதிவை எடுத்தார். பெயர் வாசித்து முடித்தபோது, யாரும் உட்காராத கடைசிப் பெஞ்சில், ஈரத் தலையோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பதைச் சுந்தரி கண்டாள். மஞ்சள் வாசம் வந்தது. “வந்திருக்கேன்,” என்றாள் அவள். வாத்தியார் காதில் அது விழவில்லை. சுந்தரி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அங்கே பனிதான் இருந்தது. ஒருவேளை சுந்தரியும் தூங்கியிருக்கலாம், எல்லோரும் தூங்கும் நேரந்தானே அது.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. வடிவு பிழைக்கிறாள். முகத்தில் தழும்போடு பூண்டுக்காட்டில் நின்று சிரிக்கிறாள். பங்குனியில் திருமலைச்சாமி காவடியைக் கூரையிலிருந்து இறக்கிக்கொண்டு பழனிக்குப் போகிறார், சுந்தரியின் அண்ணன் கடையில் பஞ்சாமிர்தம் வாங்குகிறார். காலையில் எழுதினேன். மத்தியானம் படித்தபோது திகட்டியது.

ஆ. வடிவு போய்விடுகிறாள். திருமலைச்சாமி சுந்தரியைத் தேடிக் கொடைக்கானலுக்கு வருகிறார். ‘உங்களக் கேப்பேன்’ என்று சொன்னவர் எதையும் கேட்கவில்லை. ஒரு கொத்துப் பூண்டை அவள் மேசைமேல் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி, கேட்காமல்

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

இ. விசாரணை வருகிறது. நோட்டீஸ் பெற்றவரைச் சாட்சியாக அழைக்க வேண்டும் என்று ஒரு மேலதிகாரி எழுதுகிறார். மாரியம்மனுக்குச் சம்மன் போகிறது. இது எனக்குப் பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டே ஒரு பக்கம் எழுதினேன். ஆனால் அந்தப் பக்கத்தில் வடிவு இல்லை. வேப்பிலைப் படுக்கையில் கிடக்கிற பெண்ணை மறந்துவிட்டு நான் பாட்டுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

பேருந்தில் அந்தப் பெண் ‘எங்க வீட்டுல’ என்றாள். அவள் வடிவாக இருந்தால் முகத்தில் தழும்பு இருந்திருக்கும், பார்த்திருந்தால் நான் முடிவைக் கண்டிருப்பேன். வீரம்மாளாக இருந்தாலோ? அந்தக் குரலை நினைவிலிருந்து எடுத்து எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். வேடிக்கைபோலத்தான் சொன்னாள். மகளைப் பறிகொடுத்தவள் அதை வேடிக்கையாகச் சொல்வாளா? வருஷங்கள் போனால் சொல்லவும் கூடும். போர்வைக்குள் இருந்தது இளம் குரலா, முதிர்ந்த குரலா என்பதுகூட அந்தப் பனியில் பிடிபடவில்லை.

8

மூன்றாம் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாளுக்கு மறுநாள் சுந்தரி வில்பட்டிக்குப் போனாள். போகாமல் இருக்க அவளுக்குக் காரணங்கள் இருந்தன. தேர்வு நெருங்கிவிட்டது, காலில் வெடிப்பு. போனாள்.

பூசம் முடிந்திருந்தது. பனி கழுத்துவரை இருந்தது. வீடு தெரிவதற்கு முன்னால் வாசல் தெரிந்தது. நிலையில் வேப்பிலை இல்லை.

ஆத்தா இறங்கிப் போனாலும் வேப்பிலையை எடுத்துவிடுவார்கள். பிள்ளையை எடுத்துக்கொண்டு போனாலும் எடுத்துவிடுவார்கள். வெறும் வாசலைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. அவள் எழுதிய தாள் மட்டும் மஞ்சளோடு அப்படியே ஒட்டியிருந்தது. ஆளரவம் இல்லை. மாட்டுக்கொட்டகையை எட்டிப் பார்த்தாள், பனியில் ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட வாயெடுத்தாள். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமென்றால் யார் பேரைச் சொல்வது? ‘நான் உங்களக் கேப்பேன்.’ கேட்கட்டும், அதற்குத்தானே வந்தோம் என்று நினைத்தாள், கால் நகரவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. பிழைத்த வீடு என்றால், இத்தனை நாள் பட்டினி கிடந்த அடுப்பில் இன்றைக்குக் கட்டாயம் பூண்டு தட்டிப் போட்டுத் தாளிப்பார்கள். சாவு வீட்டில் அடுப்பே எரியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நானும் செல்லாத தாள் ஒன்றை உங்கள் வாசலில் ஒட்டியவனாகிவிடுவேன். அம்மன் போய்விட்டாள். சொந்தக்காரனான நான் இதோ வெளியேறுகிறேன். இனி எனக்கு நோட்டீஸ் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. இப்போது இந்த வீடு யார் கைவசம் இருக்கிறதோ, யார் சொன்னால் இங்கே நடக்குமோ, அவருக்குத்தான் கொடுக்க முடியும்.

இந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அறிவிப்பது. சண்முகசுந்தரி வாசலில் நிற்கிறாள். மூச்சை இழுத்தவள் இன்னும் விடவில்லை. சட்டி உங்கள் அடுப்பில் இருக்கிறது, பூண்டு உங்கள் பரணில் இருக்கிறது.

வெரசா ஆகட்டும். வெளியே குளிருகிறது அவளுக்கு.